செங்காந்தள்: கோடையில் தூங்க விட வேண்டிய கொடி

முதல் வருடம் நன்றாகப் பூத்தது, அடுத்த வருடம் முளைக்கவே இல்லை. செங்காந்தள் வைத்தவர்களிடம் அதிகம் கேட்கும் குறை இதுதான். தொட்டியைக் கவிழ்த்தால் கிழங்கு இருந்த இடத்தில் பழுப்புக் கூழும் நாற்றமும் மிஞ்சியிருக்கும். வெயிலில் வெந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் வெயில் அதற்குக் காரணமாக இருக்காது. மாசியிலும் பங்குனியிலும் கொடி காய்ந்து நிற்பதைப் பார்த்து மனம் கேளாமல் ஊற்றிய தண்ணீர்தான் கிழங்கை அழுகவைத்திருக்கும்.

வேலியோரங்களிலும் முட்புதர்களிலும் கடற்கரை மணற்காட்டிலும் யாரும் தண்ணீர் விடாமல் வருடா வருடம் வரும் செடி இது. தமிழ்நாட்டின் மாநில மலர். தாவரவியல் பெயர் கிளோரியோசா சூப்பர்பா. கிழங்கு ஏர்க்கலப்பைபோல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. கார்த்திகையில் பூத்துக் குலுங்குவதால் கார்த்திகைப்பூ. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறவர்களைக் கேட்டால் கண்வலிக் கிழங்கு. எல்லாம் ஒரே செடிதான்.

வறட்சியை இது தாங்கும் விதம் ஆவாரையைப் போன்றதல்ல. ஆவாரை கோடை வெயிலிலும் இலையோடும் பூவோடும் நின்று சமாளிக்கும். செங்காந்தள் வெயிலுக்கு முகம் கொடுக்காது. தையில் தண்டைக் கைவிட்டு மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நான்கைந்து மாதம் மேலே ஒன்றுமே இருக்காது. அந்தக் காலத்தில் கிழங்குக்கு வேருமில்லை, இலையுமில்லை. ஊற்றும் தண்ணீரை உறிஞ்ச வழியில்லாத ஒரு மாவுப் பண்டம் சூடான ஈர மண்ணில் கிடந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. கீழே சொல்லும் மண் கலவை, இடத்தேர்வு, பக்கத்தில் என்ன செடி வைப்பது என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நஞ்சு பற்றி முதலில்

செடியின் எல்லாப் பாகங்களிலும் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். உள்ளே போனால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் தொடங்கும், அதன்பின் உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். முறிவு மருந்து கையருகே இருப்பதில்லை. இலங்கையில் சர்க்கரைவள்ளி என்று நினைத்து இந்தக் கிழங்கை அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. எனவே சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மஞ்சள் இருக்கும் பாத்தியில் இதை ஒருபோதும் நடக் கூடாது. எடுத்த கிழங்கைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பைக்குப் பெயர் எழுதி, ‘விஷம்’ என்றும் எழுதி வையுங்கள். கிழங்கை வெட்டும்போதும் காய் உரிக்கும்போதும் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். காய்ந்த கொடியைக் காய்கறிப் பாத்திக்குப் போகும் மட்கு உரத்தில் சேர்க்க வேண்டாம், தனியாகக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம். யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல், செடியின் ஒரு துண்டோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எதையும் வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில், ஆடு அவிழ்ந்து திரியும் வீட்டில் இதை வைக்காமல் இருப்பதே நல்லது. வெடித்த காயிலிருந்து எட்டிப் பார்க்கும் செக்கச் சிவந்த விதைகள் குழந்தைகளின் கண்ணை இழுக்கும். அந்த வீடுகளுக்கு ஆவாரை இருக்கிறது.

கிழங்கு தேர்வு

வாங்க வேண்டிய காலம் சித்திரை முதல் ஆனி வரை, கிழங்கு உறக்கத்தில் இருக்கும்போது. காட்டிலிருந்தும் வேலியிலிருந்தும் தோண்டி வந்து விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இது அருகிப்போனது. பயிர் செய்பவர்கள் விதைக்கிழங்காகவே தருகிறார்கள்.

கிழங்கு இரண்டு கை விரித்ததுபோல் இருக்கும். பெரும்பாலும் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கும், எங்கே வெட்டினாலும் பிழைக்கும். இதில் நுனி உடைந்தால் அந்தக் கை அவ்வளவுதான், எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது. கூரியரில் வரவழைக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பிரித்தவுடன் நுனியைப் பாருங்கள்: இளம்பச்சையாகவோ வெண்மையாகவோ சிறு கூம்பு தெரிந்தால் உயிருள்ளது. கறுத்து, தட்டையாக, காய்ந்த காம்புபோல் இருந்தால் திருப்பி அனுப்புவதே சரி.

எடை 50 முதல் 60 கிராம் இருந்தால் முதல் வருடமே பூ நிச்சயம் என்று சொல்லலாம். 20 கிராமுக்குக் கீழே உள்ளவை இலையோடு நின்றுபோகக்கூடும். அதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அந்த வருடம் கிழங்கைப் பெருக்கிக்கொண்டு மறு வருடம் பூக்கும். அமுக்கிப் பார்த்தால் கல்போல் இருக்க வேண்டும். தோல் சுருங்கியிருந்தால் பரவாயில்லை. ஒரு இடத்தில் மட்டும் மெத்தென்று இருந்தால் அங்கே அழுகல் தொடங்கிவிட்டது.

ஆன்லைனில் பெரிய பூவும் அடர்சிவப்பும் காட்டி ரோத்ஷில்டியானா என்ற பெயரில் ஒரு வகை விற்கிறார்கள். கொய்மலருக்காகப் பெருக்கிய ஆப்பிரிக்க வகை அது, பார்க்க அழகுதான். வானம் பார்த்த வேலிச் செடி வேண்டுமென்றால் உள்ளூர்க் கிழங்கே போதும்.

மண்ணும் இடமும்

வடிகால் ஒன்றைத்தான் பெரிதாகப் பார்க்க வேண்டும். ஒரு அடி ஆழம் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வடிந்தால் அங்கேயே நடலாம். இரண்டு மூன்று மணி நேரம் நின்றால் மேட்டுப்பாத்தி போட வேண்டும், உயரம் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஐப்பசி அடைமழையில் செடி பூத்து நிற்கும். அப்போது வேருக்கடியில் தண்ணீர் தேங்கினால் இரண்டே நாளில் அடித்தண்டு அழுகும். கரிசலிலும் களிமண்ணிலும் வெறும் மணலைக் கொட்டிக் கலப்பது பலன் தராது, இறுகிச் செங்கல்போல் ஆகிவிடும். மேலே புது மண்ணால் பாத்தி எழுப்புவதுதான் வழி.

பாத்திக்கும் செடி வளர்க்கும் பைக்கும் ஒரே கலவை: செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு பங்கு. எம்-சாண்ட் என்றால் தூள் போகக் கழுவிப் போடவும், அந்தத் தூள் சிமென்ட்போல் படிந்து வடிகாலை அடைக்கும். 12 அங்குலப் பைக்கு வேப்பம் புண்ணாக்கு 50 கிராம் கலக்கலாம். மாடித்தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் போடுவதுபோல் இதற்கும் பாதிக்குப் பாதி தேங்காய் நார்க்கழிவு போடாதீர்கள். கத்தரிக்கும் தக்காளிக்கும் அது நல்லது. மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே வாரக்கணக்கில் ஈரம் பிடித்து வைப்பதால் தூங்கும் கிழங்குக்கு ஆகாது. மட்காத சாணமும் அப்படியே, சூடு ஏறிக் கிழங்கைப் புண்ணாக்கும்.

வெயில் ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். காலை வெயில் விழுந்து, பிற்பகலில் மரநிழல் கிடைக்கும் இடத்தில் பூ நிறம் மங்காமல் கூடுதல் நாள் நிற்கிறது. முழு நிழலில் கொடி இரண்டு ஆள் உயரம் ஏறும், பூ விரல்விட்டு எண்ணலாம்.

இடம் தேர்வு செய்யும்போது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் கோடையில் தண்ணீர் வேண்டும், செங்காந்தளுக்குக் கூடவே கூடாது. இரண்டையும் ஒரே பாத்தியில் வைத்தால் இரண்டில் ஒன்று சாகும். தென்னம்பாத்தி, வாழையடி, துணி துவைக்கும் கல்லிலிருந்து தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம், தானாக ஓடும் சொட்டுநீர்க் குழாய் போகும் வரிசை, இவையும் வேண்டாம்.

நடவு: ஆனிக் கடைசி, ஆடி

நடுவதற்கு முன் கிழங்கை சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாக் கரைசலில் (லிட்டருக்கு 10 கிராம்) அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். சிலர் கார்பன்டாசிம் லிட்டருக்கு 1 கிராம் என்று கரைத்து நனைக்கிறார்கள், அதுவும் பலன் தரும். ஆனால் ரசாயனப் பூஞ்சைக்கொல்லியில் நனைத்துவிட்டு அதே நாளில் டிரைக்கோடெர்மா கலந்த உரத்தில் நடுவது வீண்செலவு. டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான், அந்த மருந்து அதையும் கொல்லும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கிழங்கைப் படுக்கை வாக்கில் வையுங்கள், முளைக்கண் உள்ள நுனிகள் சற்று மேல்நோக்கி இருக்கட்டும். மேலே மூடும் மண் பாத்தியில் 6 முதல் 8 செ.மீ., பையில் 8 முதல் 10 செ.மீ. பை மண் சீக்கிரம் சூடேறும் என்பதால் கொஞ்சம் கூடுதல் ஆழம். பாத்தியில் கிழங்குக்குக் கிழங்கு 45 செ.மீ., வரிசைக்கு வரிசை 60 செ.மீ. விடலாம். 12 அங்குலப் பையில் ஒரு கிழங்கு, 16 அங்குலத்தில் இரண்டு. பையின் ஓரத்தில் நுனி முட்டாதபடி நடுவில் வைக்க வேண்டும்.

இரண்டு கைகளும் முளைக்கும். எண்ணிக்கை வேண்டும் என்றால் நடுமூட்டில் கூர்மையான கத்தியால் வெட்டி இரண்டாக்கலாம். வெட்டுவாயில் மரச்சாம்பல் அல்லது மஞ்சள்தூள் தடவி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு நடுங்கள். கையால் ஒடித்தால் மூட்டில் ஒடியாது, எதிர்பாராத இடத்தில் ஒடியும்.

நட்டவுடன் ஒரே ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விடவும். பிறகு கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மழை இல்லாமல் மண் இரண்டு அங்குல ஆழத்துக்குக் காய்ந்தால் மட்டும் லேசாக நனைக்கலாம். முளை இரண்டு முதல் நான்கு வாரத்தில் வரும்; சில கிழங்கு ஆறு வாரம்கூட எடுக்கும். முளைத்ததா என்று கிளறிப் பார்ப்பது மிகக் கெட்ட பழக்கம். மண்ணுக்குள் ஒரு அங்குலம் வந்திருக்கும் முளை தீக்குச்சிபோல் முறியும், முறிந்தால் பெரும்பாலும் அந்த வருடம் அந்தக் கையிலிருந்து வேறு முளை வராது. நட்ட இடத்தில் குச்சி ஊன்றி அடையாளம் வைத்துவிட்டால் களைக்கொத்தியும் படாது.

கொழுகொம்பு

முளைத்த தண்டு முதல் ஒரு அடி வரை தானாக நிற்கும். அதன்பின் வரும் இலைகளின் நுனி கம்பிச்சுருள்போல் நீண்டு, தொட்டதைச் சுற்றிப் பிடிக்கும். தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது, இலை நுனியே பற்றுக்கம்பி. அந்தச் சிறு சுருளால் பென்சிலைவிடப் பருமனான எதையும் பிடிக்க முடியாது. நாலடி மூங்கிலை ஊன்றி ‘ஏறவே மாட்டேன் என்கிறது’ என்று சொல்பவர்கள் கவனிக்காதது இதைத்தான். மூங்கில் நிற்கலாம், ஆனால் அதற்குக் குறுக்கே ஏதாவது மெல்லியதாக இருக்க வேண்டும்.

இரண்டு கம்பு ஊன்றி, தரையிலிருந்து ஒவ்வொரு 20 செ.மீ. உயரத்திலும் சணல் கயிறோ கட்டுக்கம்பியோ குறுக்கே கட்டினால் போதும். மொத்த உயரம் ஐந்தடி. கொடி ஆறேழு அடிக்கு மேலும் போகும், உச்சியில் மடங்கித் தொங்கினால் பூ கண்மட்டத்தில் நிற்கும். மலிவு நைலான் வலை வேலைக்கு ஆகும். ஆனால் கடைசியில் காய்ந்த கொடியை அதிலிருந்து பிரித்தெடுப்பது தண்டனை. சணல் என்றால் கொடியோடு அறுத்து அப்படியே புதைத்துவிடலாம்.

பயிர் செய்கிறவர்கள் முள்கிளுவையையும் விராலியையும் உயிர்க் கொம்பாக வைப்பார்கள். கொங்கு நாட்டில் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி ஏற்கெனவே கிளுவை வேலிதான். வீட்டிலும் அதையே செய்யலாம்: வேலியோரம் ஒரு விராலியோ ஆவாரையோ நட்டு, அது இடுப்பளவு வந்ததும் அடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கிழங்கை நடுங்கள். மெல்லிய கிளைகள் இலை நுனிக்குப் பிடி கொடுக்கும், அடித்தண்டுக்கு நிழல் கிடைக்கும், இரண்டுமே கோடைத் தண்ணீர் கேட்காதவை. ஆவாரையின் மஞ்சளுக்கு நடுவே செங்காந்தள் தலைநீட்டும்போது கம்பிப் பந்தலில் ஏற்றியது பொம்மைபோல் தோன்றும். ஆனால் ஆவாரையை வருடம் ஒரு முறை, மாசியில், பாதிக்குக் கவாத்து செய்யாவிட்டால் அதன் நிழலே கொடியை அமுக்கிவிடும்.

கொம்பை நடவு நாளிலேயே ஊன்ற வேண்டும். பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்தும். கொடி தவறான பக்கம் போனால் தண்டைப் பிடித்து வளைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியைச் சாய்த்து வைத்தால் தானே திரும்பும்.

ஆவணி முதல் கார்த்திகை வரை

வளரும் காலத்தில் இது வறட்சிச் செடி இல்லை. இலையோடு நிற்கும்போது மண் முழுதாகக் காய்ந்தால் மொட்டு உதிரும், கொடி சீக்கிரமே பழுத்து உறக்கத்துக்குப் போய்விடும். மழையில்லாத நாட்களில் பாத்திக்கு நாலைந்து நாளுக்கு ஒரு முறை, பைக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடுங்கள். விரலை விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலத்தில் ஈரம் இருந்தால் அன்று வேண்டாம்.

உரம் கொஞ்சமே போதும். முளைத்து ஒரு அடி வந்ததும் செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மொட்டு தெரியும்போது இன்னொரு முறை, அதோடு ஒரு கைப்பிடி மரச்சாம்பல். யூரியாவும் அடிக்கடி கடலைப் புண்ணாக்குக் கரைசலும் இலையைக் கொழுக்க வைத்துப் பூவைத் தள்ளிப்போடும். கொழுத்த தண்டுக்குத்தான் பூச்சியும் முதலில் வரும்.

முளைத்து ஐம்பது அறுபது நாளில் முதல் மொட்டு வரும். இலைக்கணுவில் பச்சை மொட்டாகத் தலைகுனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கி மேலே எழும். அலையலையான ஓரம், அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாளாக நாளாக மஞ்சள் மறைந்து முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாலு நிறத்தில் பூ நிற்பது அதனால்தான். நோயோ கலப்போ இல்லை. ஒரு பூ ஒரு வாரம் தாங்கும், மேகமூட்டம் இருந்தால் இன்னும் சில நாள்.

பூத்தும் காய் பிடிக்கவில்லை என்பது அடுத்த புகார். பூவை உற்றுப் பார்த்தால் காரணம் தெரியும். ஆறு மகரந்தத் தாள்களும் நாலா பக்கமும் விரிந்திருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்கோணமாக மடங்கி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேல் விழாமல் செடி செய்துகொண்ட ஏற்பாடு. வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வந்து உரசினால்தான் காய். மாடியில், நகரத்தில், அவை வராத இடத்தில் நாமே செய்ய வேண்டும்: காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள், மகரந்தப் பை வெடித்து மஞ்சள்பொடி தெரியும் பூவிலிருந்து ஒரு தாளைக் கிள்ளி, வேறொரு செடியின் பூவில் மூன்றாகப் பிரிந்திருக்கும் சூல்முடியில் தடவுங்கள். மழையில் நனைந்த பொடி ஒட்டாது. விதைக்காகப் பயிர் செய்யும் வயல்களில் இந்த வேலைக்கு என்றே ஆட்களை விடுவார்கள்.

பூ மட்டும் போதும் என்றால் இதைச் செய்யவே வேண்டாம். காய் பிடிக்காத கொடி அந்தச் சத்தைக் கிழங்குக்கு அனுப்பும். முதல் இரண்டு வருடம் காயைக் கிள்ளிவிட்டால் கிழங்கு நன்றாகத் திரளும்.

என்ன கெடும், ஏன் கெடும்

புழுவில் ஒன்றைத்தான் பயப்பட வேண்டும். கறுப்பு உடம்பில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளி வைத்த புழு. பாலிட்டெலா குளோரியோசே என்ற அந்துப்பூச்சியின் பிள்ளை. செடியின் நஞ்சு அதை ஒன்றும் செய்யாது. இலையில் முட்டைக் குவியலாகத் தொடங்கி, ஒரு வாரம் கவனிக்காவிட்டால் கொடியை நரம்பு மட்டும் மிஞ்ச மொட்டையடித்துவிடும். ஆவணியிலிருந்து வாரம் இரண்டு முறை இலையின் இரண்டு பக்கமும் பாருங்கள். நாலைந்து செடிக்கு மருந்தே தேவையில்லை, கையுறையோடு பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடலாம். அதிகமாகிவிட்டால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (புழுவைக் கொல்லும் பாக்டீரியா) பொடி லிட்டருக்கு 2 கிராம், மாலையில் தெளிக்கவும். குட்டிப் புழுவுக்குத்தான் அது நன்றாகக் கேட்கும், விரல் நீளம் வந்த பிறகு பொறுக்குவதே வேகம். வேப்பெண்ணெய் 5 மில்லியும் சில சொட்டு காதி சோப்புக் கரைசலும் லிட்டர் தண்ணீரில் கலந்து பத்து நாளுக்கு ஒரு முறை அடித்து வந்தால் முட்டையிடுவது குறையும். பூ விரிந்தபின் பூவின்மேல் அடிக்காதீர்கள்.

நுனி சுருண்டு, வளர்ச்சி நின்று, மொட்டு கோணினால் இலைப்பேன். வெள்ளைத் தாளில் நுனியைத் தட்டினால் நூலிழைபோல் ஊர்வது தெரியும். அதற்கும் அதே வேப்பெண்ணெய்தான்.

அடைமழைக் காலத்தில் இலையில் பழுப்புப் புள்ளி வளையம் வளையமாக விரிந்து கருகுவது இலைக்கருகல். நெருக்கி நட்ட இடத்தில் அதிகம். கருகிய இலையை அகற்றி, காற்றோட்டம் விட்டு, மழை விட்ட நாளில் மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் தெளித்தால் நிற்கும். ஆனால் மார்கழியில் கீழிலையிலிருந்து சீராக மஞ்சளாகி மேலே ஏறுவது நோயில்லை, உறக்கத்துக்குத் தயாராவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மருந்து அடிப்பவர்கள் நிறைய.

அடித்தண்டு அழுகல்தான் செடியைக் கொல்வது. நேற்று வரை நன்றாக இருந்த கொடி இன்று மொத்தமாகத் துவண்டு தொங்கும். அதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதலில் தண்டின் அடியில் மண்ணை விலக்குங்கள். வெள்ளை நூல்போல் படர்ந்து, அதில் கடுகு கடுகாகப் பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் ஸ்கிளிரோசியம் என்ற பூஞ்சை. அந்தக் கடுகு உருண்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செடியைச் சுற்றியுள்ள ஒரு கூடை மண்ணோடு அள்ளிப் பாலித்தீன் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். அந்த இடத்தில் அடுத்த சில வருடம் கிழங்கு நடாதீர்கள். பை என்றால் மண் முழுதும் போகட்டும், அதைச் சலித்து இன்னொரு செடிக்குப் போடும் சிக்கனம் வேண்டாம். பக்கத்துச் செடிகளின் அடியில் டிரைக்கோடெர்மா கலந்த தொழு உரம் ஒரு கைப்பிடி வைக்கலாம். மூடாக்கு போடுபவர்கள் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுப் போடுங்கள், தண்டை ஒட்டிய ஈர வைக்கோலில்தான் இந்தப் பூஞ்சை ஏறுகிறது.

தை முதல் வைகாசி வரை: ஒன்றும் செய்யாமல் இருப்பது

பாதிக்கு மேல் இலை பழுத்ததும் தண்ணீரை ஒரு வாரம், பத்து நாள் என்று தள்ளித் தள்ளிப் பிறகு அடியோடு நிறுத்துங்கள். பச்சையாக இருக்கும்போது தண்டை அறுக்கக் கூடாது, கடைசிச் சொட்டு மாவையும் கிழங்குக்கு இறக்கிவிட்டுத்தான் அது காயும். சரசரவென்று காய்ந்து, லேசாக இழுத்தால் மூட்டில் கழன்று வரும்போது எடுத்துவிடலாம்.

மண்ணுக்குள் நடந்திருப்பது இது: நட்ட பழைய கிழங்கு சக்கையாகிப்போயிருக்கும். வந்த ஒவ்வொரு தண்டின் அடியிலும் ஒரு புது இரட்டைக்கைக் கிழங்கு உருவாகியிருக்கும். இரண்டு கையும் முளைத்திருந்தால் ஒன்றுக்கு இரண்டு. பல்லாண்டுச் செடி என்றாலும் வருடா வருடம் கிழங்கு புதிதுதான். முளைக்கண் கையின் நுனியில் இருப்பதால் அடுத்த வருடம் முளை பழைய இடத்தில் வராது, ஒரு சாண் தள்ளி வரும். போன வருடம் ஊன்றிய குச்சியை நம்பி அதைச் சுற்றிக் கொத்தியவர்கள் முளையை வெட்டியிருக்கிறார்கள்.

வடிகால் நல்ல மேட்டுப்பாத்தியில் கிழங்கை அப்படியே விடலாம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை தோண்டிப் பிரித்தால் போதும், நெருக்கமானால் கிழங்கு சிறுத்துப் பூ குறையும். மேலே காய்ந்த இலைச்சருகு நாலு விரல் கனம் போட்டால் மண் சூடு தணியும். கோடைமழை ஒன்றிரண்டு பெய்தால் கவலையில்லை, மணல் கலந்த மேடு இரண்டு நாளில் உலர்ந்துவிடும். தினமும் குழாய்த் தண்ணீர் விழுவதுதான் ஆபத்து.

மாடியில் இருக்கும் பைகளை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துப் படிக்கட்டு அடியிலோ ஷெட்டிலோ வையுங்கள். சித்திரை வெயிலில் கான்கிரீட் தளத்தில் நிற்கும் கறுப்புப் பையின் உள்மண் கிழங்கை வேகவைக்கும் அளவுக்குச் சூடாகும். வீட்டில் வேறு யாராவது தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர்களாக இருந்தால் பைகளைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுவது இன்னும் முக்கியம். காலிப் பை என்று நினைத்து வெண்டை விதை போட்டுத் தண்ணீர் விட்டு அழுகிய கிழங்குகள் ஏராளம்.

தோண்டி எடுப்பதானால் தண்டு காய்ந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, மண் உலர்ந்திருக்கும்போது, தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் குத்தி மண்ணோடு பெயர்த்தெடுங்கள். கழுவ வேண்டாம். நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்தி, ஒட்டிய மண்ணை விரலால் உதிர்த்துவிட்டு, மண்பானையிலோ அட்டைப்பெட்டியிலோ காய்ந்த மணலில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வேர்த்துப் பூசணம் பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்து, மெத்தென்று ஆனதை அகற்றினால் மற்றவை தப்பும்.

விதையிலிருந்து

முடியும், பொறுமை இருந்தால். காய் பழுப்பேறித் தானாக வெடிக்கும்போது சிவப்பு விதைகளை எடுத்து நிழலில் காயவைக்க வேண்டும். புது விதை உடனே முளைக்காது, பல மாத உறக்கம் அதற்கும் உண்டு. தையில் எடுத்ததை ஆடியில் ஒரு இரவு ஊறவைத்து, தட்டில் நிரப்பிய மணல் கலவையில் ஒரு செ.மீ. ஆழத்தில் போட்டால் சில வாரத்தில் தொடங்கி மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வரும். முதல் வருடம் புல்போல் நாலைந்து இலை, அடியில் பட்டாணி அளவு கிழங்கு. அதுவும் தையில் உறங்கப் போகும். அந்தத் தட்டையும் கோடையில் உலர்வாக வைக்க வேண்டும், கொட்டிவிடக் கூடாது. பூ வர மூன்று நான்கு வருடம். நாற்பது ஐம்பது விதை போட்டு வைப்பவர்களுக்கு ஒரு லாபம் உண்டு: கிழங்கிலிருந்து வருவன எல்லாம் தாயின் நகல், விதையில் வருவனவற்றில் இதழின் அகலமும் மஞ்சளின் அளவும் செடிக்குச் செடி வேறுபடும்.

வைகாசிக் கடைசியில் பையைத் தூக்கிப் பாருங்கள். மண் பொரபொரவென்று, பை லேசாக இருந்தால் கிழங்கு நல்லபடியாகத் தூங்கியிருக்கிறது. மேல்மண் இரண்டு அங்குலத்தை வாரி எடுத்துவிட்டு, அந்த அளவுக்குப் புதுத் தொழு உரக் கலவையைப் பரப்பி வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் இன்னும் வேண்டாம். ஆனிக் கடைசியில் முதல் மழையோ, அது வராவிட்டால் ஒரு வாளித் தண்ணீரோ போதும்.